பெயர் கேட்காத தேர்வும் பெயர் கேட்கும் வேலையும்

(முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக வியாசர்பாடியில் நடந்த படிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

தோழர்களுக்கும், முன் வரிசை காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஜெய்பீம்.

நெட்வொர்க் செக்யூரிட்டி சான்றிதழ்த் தேர்வுக்கு எப்படிப் படிப்பது, படித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று பேசச் சொன்னார் என்னை அழைத்த தோழர். "கொஞ்சம் அரசியலும் சேர்த்துக்குங்க" என்றார். சேர்க்கத் தேவையில்லை தோழர், அது ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடித்து வெற்றி பெற்றவர் வந்து அறிவுரை சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு 32 வயது. நெட்வொர்க்குக்குள் நடக்கும் ஊடுருவல்களைக் கண்டறிவது பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையில்தான் படிக்கிறேன். அது ஐந்து ஆண்டுகளுக்குத்தான் வரும். இப்போது மாதம் 42,000 ரூபாய். அதிலிருந்து ஊருக்கும் போகிறது, தம்பியின் ஐடிஐ கட்டணத்துக்கும் போகிறது. இன்னும் ஏழு மாதத்தில் அது நின்றுவிடும். ஆய்வேட்டைக் கொடுத்து, வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டம் கைக்கு வர அதற்கு மேலும் ஆகும். அந்த இடைவெளியில் வாடகை கொடுப்பது யார்?

என்னோடு எம்.இ. படித்த ஒருவர் தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். சம்பளம் 22,000. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது. அரசுக் கல்லூரியில் நிரந்தர இடம் எப்போது அறிவிப்பார்கள் என்று காத்திருப்பதே ஒரு தலைமுறையின் முழுநேர வேலையாகிவிட்டது. அதனால்தான் இந்த வயதில் நானும் சிசிஎன்பி செக்யூரிட்டி தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறேன். "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன்னு சொன்னியே, மறுபடியும் என்ன பரீட்சை? இது எத்தனையாவது?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல், "இதான்மா கடைசி" என்று பொய் சொன்னேன். அம்மாவும் நம்பவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போதே ஒரு முள் குத்தும். படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். அடையாள அட்டையில் இருப்பதும் படிவத்தில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு மையத்தில் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் போய்விடும். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்ட மண் இது. ஒற்றை எழுத்து முன்னெழுத்தோடு நிற்பவர்கள் நாம். கடைசிப் பெயர் கட்டத்தில் என் அப்பாவின் பெயரை எழுதினேன். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் கணினிக்கு அது தெரியாது. தேர்வு அறையில் அந்தப் பெயருக்கு மதிப்பெண் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மணி நேரம் எனக்கு ஒரு நிம்மதி. திரையில் ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள். என் ஊர் எது, என்ன சாப்பிடுவேன் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த அறைக்குள் போய்ச் சேர்வதற்கு முன்னாலும், வெளியே வந்த பிறகும் கேட்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்று கூடுதலாகப் பேச வேண்டும்.

முன்னால் நிற்பது பணம். சிசிஎன்ஏ தேர்வுக்கு 300 டாலர். வரியும் சேர்ந்தால் முப்பதாயிரம் ரூபாயை ஒட்டி வரும். சிசிஎன்பி செக்யூரிட்டி என்றால் இரண்டு தேர்வுகள்: 350-701 என்ற முதன்மைத் தேர்வு 400 டாலர், அதோடு நாமே தேர்ந்தெடுக்கும் சிறப்புத் தேர்வு ஒன்று 300 டாலர். மொத்தம் எழுபதாயிரம் வரை போகும். தோற்றால் ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம், பணத்தை மறுபடி முழுதாகக் கட்டி. பெங்களூரில் அண்ணன் வேலை செய்கிற வீட்டுப் பையனுக்கு முதல் தோல்வி ஓர் அனுபவம். நமக்கு அது வட்டிக் கடன். தேர்வறையில் கை நடுங்குவது அறிவுக் குறைவால் என்று நினைக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரரைவிட நீங்கள் கூடுதலாக ஒரு கணக்கை மனதில் சுமந்துகொண்டு எழுதுகிறீர்கள்.

அடுத்தது மொழி. சிசிஎன்ஏ தேர்வு ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும்தான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து வந்தவருக்குப் பாடம் புரிந்திருக்கும், கேள்வி புரியாது. இரண்டு முறை எதிர்மறை வைத்து நீட்டி முழக்கிக் கேட்பார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டால் முந்தைய கேள்விக்குத் திரும்பவும் முடியாது. இதற்கு நான் கண்ட வழி, பாடத்தைத் தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதும், கேள்விகளை மட்டும் ஆங்கிலத்திலேயே நூற்றுக்கணக்கில் வாசித்துப் பழகுவதும். சப்நெட் என்றால் என்ன என்று உங்கள் அம்மாவுக்குத் தமிழில் விளக்க முடிந்தால் உங்களுக்கு அது தெரியும் என்று பொருள். ஒரு தெருவை வீட்டு எண்களால் பிரித்து, இன்னின்ன வீட்டுக்கு இந்தத் தபால்காரர் என்று வைப்பது போலத்தான். நான் சொல்லிப் பார்த்தேன். "அதுக்கா இவ்வளவு புஸ்தகம்?" என்றார் அம்மா.

எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பழைய சீனியர்கள் சிசிஎன்ஏ செக்யூரிட்டி எழுது என்பார்கள். அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக 200-301 என்ற சிசிஎன்ஏ வந்தது. அதற்குள் பாதுகாப்புக்கு 15 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். சிசிஎன்பி எழுத சிசிஎன்ஏ கட்டாயம் என்ற விதியும் அப்போதே போய்விட்டது. அதற்காக நேராக மேலே தாவாதீர்கள். ரூட்டிங் தெரியாமல் ஃபயர்வால் படிப்பது, தெரு தெரியாமல் காவலுக்கு நிற்பது மாதிரி. கருவி நிறுவனம் எதையும் சாராத பரீட்சை வேண்டும் என்றால் காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் இருக்கிறது: 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், தேற 900-க்கு 750. சென்னையில் நெட்வொர்க் வேலை தேடுகிறவருக்கு நான் சிசிஎன்ஏவையே முதலில் சொல்வேன். 'எத்திக்கல் ஹேக்கிங்' என்று சுவரொட்டி ஒட்டி லட்சக்கணக்கில் வாங்கும் பயிற்சி மையங்களின் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். கடன் வாங்கியாவது போகிறேன் என்கிறவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து பேசிவிட்டுப் போங்கள்.

பயிற்சிக்குப் பெரிய செலவு இல்லை. பாக்கெட் டிரேசர் இலவசம். வயர்ஷார்க் இலவசம். ஜிஎன்எஸ்3 இலவசம், ஆனால் லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகமாவது இருந்தால்தான் மூச்சு விடும். ரிச்சி தெருவில் சில ஆயிரங்களுக்குப் பழைய ஸ்விட்ச் கிடைக்கும். நான் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். விசிறிச் சத்தத்தில் அறைத்தோழி தூங்க முடியவில்லை என்பதைத் தவிர அவற்றில் குறையில்லை.

டம்ப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான கேள்வித்தாளைத் திருடி விற்பார்கள், அதை மனப்பாடம் செய்து பலர் தேறுகிறார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை வரும். நான் வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அப்படித் தேறிய ஒரு முன்னேறிய சாதிப் பையன் நேர்காணலில் தடுமாறினால், "சரியா படிக்கல" என்பார்கள். நம்மில் ஒருவர் தடுமாறினால் "கோட்டா" என்ற சொல் தயாராக இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் கோட்டாவே கிடையாது என்பது அதைச் சொல்கிறவருக்கும் தெரியும். இது அநியாயம்தான். ஆனாலும் அந்தச் சொல்லுக்குத் தீனி போட வேண்டாம்.

இனி, அறைக்கு வெளியே.

ரூட்டரில் யாரை அனுமதிப்பது என்று ஒரு பட்டியல் எழுதுவோம். அணுகல் பட்டியல் என்று சொல்லலாம். வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் ரூட்டர் அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழாக ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடும். மாணவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று இதில் உண்டு. பட்டியலின் கடைசியில் எழுதப்படாத ஒரு வரி இருக்கிறது: மேலே சொல்லாத எல்லாவற்றையும் மறுத்துவிடு. திரையில் பட்டியலைக் காட்டச் சொன்னால் அந்த வரி வராது. ஆனால் வேலை செய்யும். இன்னாரை விடாதே என்று எவரும் எழுத வேண்டியதில்லை. இவரை விடு, அவரை விடு என்று எழுதினாலே போதும். சில ஃபயர்வால்கள் மறுத்ததாகப் பதிலாவது அனுப்பும். சில, பதிலே இல்லாமல் கைவிட்டுவிடும். அனுப்பியவர் காத்துக்கொண்டே இருப்பார்.

இதைப் படித்த அன்று நான் நிறுவனங்களுக்கு அனுப்பிய விண்ணப்பங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆய்வுக்கு வருவதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் இரவு ஷிப்டில் இருந்தேன். செக்யூரிட்டி அணியில் ஓர் இடம் காலி என்று அறிவிப்பு வரும்போது அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் வந்து உட்கார்ந்திருப்பார். ரெஃபரல். அணித்தலைவரின் கல்லூரித் தோழரின் தம்பி. யாரும் என்னை மறுக்கவில்லை, நான் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். ஒருமுறை நேர்காணல் வரை போனேன். ஃபயர்வால் பற்றிப் பதினைந்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு, "சொந்த ஊர்?" சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" சொன்னேன். "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" மாட்டுக்கறி உட்பட எல்லாம் சாப்பிடுவேன் என்றேன். சிரித்தார்கள். அதற்குப் பிறகு பதில் வரவில்லை. அந்தக் கேள்விகளால்தான் வேலை போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி கேட்பதுதான் அந்தக் கேள்விகளின் பலம்.

என் ஒருத்தியின் மனப்புண் என்று ஒதுக்கிவிட முடியாது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதுவும் நேர்காணலுக்கு முன்பே, காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில்.

நாம் எழுதப் போகும் தேர்வை நடத்தும் நிறுவனத்தின் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று சிஸ்கோ மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. அங்கே வேலை செய்த தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடியில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் கொடுத்த பிறகு அந்தப் பொறியாளர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. நிறுவனத்தின் மீதான வழக்கை விடவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். ஐஐடி, அமெரிக்கா, பெரிய சம்பளம் எல்லாம் தாண்டியும் ஒருவரின் சாதியைப் பற்றி நீதிமன்றத்தில் பேச வேண்டியிருக்கிறது.

"அப்படியிருக்க அந்த நிறுவனத்தின் தேர்வை நாம் ஏன் எழுத வேண்டும்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில்: எழுதுங்கள். நெறிமுறைகள் எந்த நிறுவனத்தின் சொத்தும் அல்ல. கற்றுக்கொண்டது உங்கள் கையோடு வரும். ஆனால் அந்தக் காகிதம் உங்களைச் சாதியிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போகும் என்று மட்டும் நம்பாதீர்கள். 1917-இல் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்போடு பரோடாவில் வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கினார். சில நாட்களிலேயே தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அவர் கையில் இருந்ததைவிடப் பெரிய சான்றிதழ் நம்மிடம் என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு அவர் படிப்பை விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள். 1920-இல் மறுபடி லண்டனுக்குப் போனார். பிறகு இயக்கத்தையும் கட்டினார்.

அடுத்த அடி என்ன என்பதற்கு நான் போட்டு வைத்திருக்கும் கணக்கைச் சொல்கிறேன். அப்படியே பின்பற்றத் தேவையில்லை.

ஒரு காலை அரசு வாசலில் வைத்திருங்கள். இடஒதுக்கீடு வேலைக்குச் செல்லுபடியாகும் இடம் இன்றைக்கு அது ஒன்றுதான். 93-ஆவது திருத்தம் தனியார் கல்லூரியின் மாணவர் சேர்க்கையைத்தான் தொட்டது, தனியார் வேலையைத் தொடவில்லை. பொதுத்துறை வங்கிகளில் தகவல் தொழில்நுட்ப அதிகாரி பணிக்கு ஐபிபிஎஸ் தேர்வு இருக்கிறது. வயது வரம்பு 30, நமக்கு ஐந்து ஆண்டு தளர்வு. நான் இன்னும் அதற்குள்தான் இருக்கிறேன், எழுதப் போகிறேன். சிசிஎன்ஏவுக்குப் படிப்பதில் நல்ல பகுதி அங்கேயும் உதவும்.

இன்னொரு கால் தனியார் வாசலில். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, சைபர் தாக்குதல் நடந்தது தெரியவந்தால் அதிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் வேண்டும். கண்காணிப்பு மைய வேலைகளுக்கு வழி அப்படி வருகிறது. இரவு ஷிப்ட் உடம்பைத் தின்னும், தெரிந்தேதான் சொல்கிறேன். இரண்டு ஆண்டு, அதற்கு மேல் அங்கேயே தேங்கிவிடாதீர்கள்.

தொலைவில் சிஐஎஸ்எஸ்பி இருக்கிறது. ஐந்தாண்டு அனுபவம் கேட்பார்கள். தேறிய பிறகும் ஏற்கெனவே அந்தச் சான்றிதழ் பெற்ற ஒருவர் உங்களை உறுதிப்படுத்தி ஒப்பமிட வேண்டும். அப்படி யாரையும் தெரியாது என்றால் தேர்வு நடத்தும் அமைப்பே அதைச் செய்யும் என்று விதியில் எழுதியிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. யாரையும் தெரியாதவருக்கு என்ன வழி என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊர் நிறுவனங்களின் ரெஃபரலில் அப்படி ஒரு வரி கிடையாது.

அந்த வரியை நாம்தான் எழுத வேண்டும். இங்கே இருப்பவர்களில் ஏழு பேர் ஏற்கெனவே ஐடி நிறுவனங்களில் இருக்கிறீர்கள். உங்களைத் தனியாகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நிறுவனத்தில் காலியிடம் வந்தால் இந்தக் குழுவுக்கு முதலில் சொல்கிறீர்களா? நான் சொன்னதில்லை. வேலையில் இருந்த இரண்டு ஆண்டும், யாரையாவது பரிந்துரைத்தால் என் சாதி தெரிந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கேண்டீனில் 'கோட்டா' பேச்சு வந்தபோது டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன். என் தெருப் பையன் ஒருவன் தகுதியோடு வந்து கேட்டபோதும் "இப்போ எதுவும் இல்லப்பா" என்றேன். இருந்தது. அவன் இப்போது செய்யாறு பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறான். அவனிடம் நான் இன்னும் இதைச் சொல்லவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு பொது நிதி தொடங்கலாம். வேலையில் இருப்பவர்கள் மாதம் ஐந்நூறு. ஏழு பேருக்கு வருடம் 42,000, அதாவது ஒரு சிசிஎன்ஏ கட்டணம் போக, மிச்சம் அடுத்தவருக்கு. எடுத்துக்கொண்டவர் வேலை கிடைத்த பிறகு திருப்பிப் போட வேண்டும், வட்டி கிடையாது. தோற்றவருக்கும் இரண்டாம் முறை உண்டு என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுவோம். என் உதவித்தொகை நிற்கும் வரை என் ஐந்நூறும் இதில் சேரும்.

வகுப்பு அடுத்த ஞாயிறு காலை 9 மணிக்கு, இதே இடத்தில். முதல் பாடம் சப்நெட். இரண்டு ஸ்விட்சையும் ஆட்டோவில் எடுத்து வருகிறேன், கன்சோல் கேபிள் ஒன்றுதான் இருக்கிறது, யாரிடமாவது இருந்தால் கொண்டு வாருங்கள். லேப்டாப் இல்லாதவர்களும் வரலாம், ஒன்றை மூன்று பேர் பார்ப்போம். என் தேர்வு அதற்கு அடுத்த மாதம் 14-ஆம் தேதி. தேறினாலும் தேறாவிட்டாலும் 15-ஆம் தேதி வந்து, எந்தக் கேள்வியில் தடுமாறினேன் என்று சொல்ல முடியாது, அது விதிமீறல். எந்தப் பாடத்தில் தடுமாறினேன் என்று சொல்கிறேன்.

ஜெய்பீம்.